மூன்று முறை வெல்டிங் இயந்திரம்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

கனடாவின் எட்மன்டனில் உன் வீட்டு கராஜுக்கு வந்திருக்கும் 200 ஆம்பியர் வெல்டிங் இயந்திரத்தின் படங்களைப் பார்த்தேன். மிக் (சுருளிலிருந்து தானாக ஓடிவரும் கம்பி உருகி ஒட்டுவது), டிக் (டங்ஸ்டன் முனையில் ஆர்க் என்னும் மின்பொறியை எழுப்பி ஒட்டுவது), ராடு (பூச்சுள்ள குச்சியை எரித்து ஒட்டுவது) என்ற மூன்று முறைகளையும் ஒரே பெட்டியில் அடக்கிய இன்வெர்ட்டர், அதாவது மின்னணுப் பலகைகளால் கரண்டை மாற்றித் தரும் இயந்திரம், அது. திருச்சிக்கு அருகே துவாக்குடிப் பட்டறையில் இதே வேலைகளுக்கு நாங்கள் மூன்று தனி இயந்திரங்களை வைத்திருந்தோம். ஒவ்வொன்றுக்கும் கம்பி, வாயு, கேபிள் எல்லாம் அதனதன் இடத்தில் நிலையாகப் பூட்டியிருக்கும். உன்னிடம் இருப்பது ஒன்றே என்பதால், ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதெல்லாம் இவை அனைத்தையும் நீயே மாற்றிப் பூட்ட வேண்டும். இத்தகைய இயந்திரங்கள் தரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த மாற்றத்தில் விடுபடும் ஏதோ ஒன்றிலிருந்துதான் வருகின்றன. ஆகவே எப்படி வெல்டிங் செய்வது என்பதைவிட, எப்படி மாற்றுவது, எப்படிப் பேணுவது என்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் துருவம், அதாவது எந்தக் கேபிள் பிளஸ்ஸில், எது மைனஸில் என்பது. மிக் முறையில் வாயுவுடன் ஓடும் கெட்டிக் கம்பிக்கு, கையில் பிடிக்கும் டார்ச் பிளஸ்ஸிலும் தகட்டைக் கவ்வும் எர்த் கிளாம்ப் மைனஸிலும் இருக்க வேண்டும். வாயு தேவைப்படாத, உள்ளே ஃப்ளக்ஸ் என்னும் பொடி நிரப்பிய கம்பியை மாட்டினால் இது அப்படியே தலைகீழாகும். டிக் வேலையிலும் டார்ச் மைனஸ்தான். டங்ஸ்டனில் எழும் டி.சி. ஆர்க்கில் வெப்பத்தின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பிளஸ் பக்கத்தில் சேர்வதால், டார்ச்சைப் பிளஸ்ஸில் பூட்டினால் இரும்பு உருகுவதற்கு முன் டங்ஸ்டன் முனை உருகி உருண்டுவிடும். ராடு வகைகளில் 6013 என்ற எண்ணுள்ளது பிளஸ், மைனஸ் இரண்டிலும் எரியும். 7018 எண்ணுள்ளதற்கு, ராடைப் பிடிக்கும் ஹோல்டர் பிளஸ்ஸில் இருக்கட்டும். துருவம் மாறிப்போன கெட்டிக் கம்பி வெடித்து வெடித்து எரிந்து, தகட்டின் மேலே திரண்டு நிற்கும். வெளியே பார்த்தால் ஒட்டியதுபோலவே தெரியும், உள்ளே பிடித்திருக்காது. அதனால்தான் இதை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தேன்.

வாயுவில் நம் ஊருக்கும் உன் ஊருக்கும் வேறுபாடு உண்டு. இங்கே மிக் வேலைக்கு வெறும் கார்பன் டை ஆக்சைடையோ, 80 பங்கு ஆர்கானும் 20 பங்கு கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்த கலவையையோ பயன்படுத்துவோம். அங்கே 75-க்கு 25 கலவைதான் வழக்கம். வெறும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமாக இருந்து வாயுவாக மாறி வெளிவருவதால் ரெகுலேட்டர் உறைந்துபோகும், அதற்காகவே நாங்கள் ஹீட்டர் மாட்டுவோம். உன் கலவை சிலிண்டரிலும் வாயுவாகவே இருப்பதால் உனக்கு அது வேண்டாம். ஆனால் அந்தக் கலவையை டிக்குக்குத் திறந்தால் டங்ஸ்டன் நொடியில் கருகிவிடும். டிக்குக்குத் தூய ஆர்கான் மட்டுமே, எனவே இரண்டாவது சிலிண்டர் வாங்கத்தான் வேண்டும். உன் மீட்டரில் மணிக்கு இத்தனை கன அடி என்று குறித்திருக்கும். மிக்குக்கு 20 முதல் 30 வரை போதும். கூடுதலாகத் திறந்தால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைக்காதே. வேகமாகப் பாயும் வாயு சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுத்து, வெல்டில் துளைகளை உண்டாக்கும்.

அதிகம் கவனிக்க வேண்டிய இடம் கம்பி ஓடும் பாதை. கம்பியைத் தள்ளும் ரோலர் கம்பிக்கேற்ப மாறும்: கெட்டிக் கம்பிக்கு V பள்ளமுள்ள ரோலர், ஃப்ளக்ஸ் கம்பிக்குச் சொரசொரப்பான பற்களுள்ள ரோலர், அலுமினியத்துக்கு U பள்ளமுள்ள ரோலர். கம்பியின் அளவு ரோலரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும். அந்தப் பக்கத்து எண் எந்தப் பள்ளத்தைக் குறிக்கிறது என்று கையேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள். அழுத்தத் திருகை முழுவதும் தளர்த்தி, டார்ச் முனையிலிருந்து வரும் கம்பியை ஒரு மரக்கட்டையின் மேல் சாய்வாக முட்டவிட்டு, அது வழுக்காமல் வளைந்து சுருண்டுகொண்டு வரும் அளவுக்கு மட்டும் முடுக்கு. அதற்கு மேல் முடுக்கினால் ரோலர் கம்பியைச் சுரண்டும், அந்தத் தூள் லைனருக்குள் (டார்ச் கேபிளினுள் கம்பி ஓடும் குழாய்) போய் அடைக்கும், பிறகு கம்பி தடுமாறி ரோலருக்கும் லைனரின் வாய்க்கும் இடையே குருவிக்கூடுபோலச் சுற்றிக்கொள்ளும். ஒவ்வொரு ஸ்பூல் (கம்பிச் சுருள்) தீரும்போதும் லைனரை டார்ச் பக்கத்திலிருந்து உலர்ந்த காற்றால் ஊதிவிடு. டார்ச் நுனியில் கம்பி வெளிவரும் காண்டாக்ட் டிப்பின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்ததும், இன்னும் கொஞ்சம் ஓடும் என்று பார்க்காமல் மாற்று. கம்பி விட்டுவிட்டு எரிந்தால் உடனே வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து அலையாதே. டிப், லைனர், எர்த் கிளாம்ப் பிடித்திருக்கும் இடத்தின் துரு, பெயிண்ட் ஆகியவற்றை முதலில் பார்.

இனி இயந்திரத்தின் உடலுக்கு வருகிறேன். இன்வெர்ட்டருக்குப் பெரிய எதிரி கிரைண்டர். கிரைண்டரிலிருந்து பறக்கும் இரும்புத் தூளை இயந்திரத்தின் விசிறி உள்ளே இழுத்து சர்க்யூட் பலகைகளின் மேல் படியச் செய்கிறது. ஈரமும் சேர்ந்தால் மின்சாரம் போகக் கூடாத வழியில் போகும். கராஜின் ஒரு மூலையைக் கிரைண்டிங்குக்கும் எதிர் மூலையை இயந்திரத்துக்கும் ஒதுக்கிவிடு. சில மாதங்களுக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்களின் மின்னேற்றம் வடியக் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, குறைந்த அழுத்தக் காற்றால் உள்ளே ஊது. அதற்கு மேல் உள்ளே எதையும் தொடாதே.

உன் குளிர்காலம் நான் வேலை பார்த்திராத ஒன்று, ஆனால் ஈரத்தின் குணம் எனக்குத் தெரியும். உறைந்து கிடந்த கராஜைச் சூடாக்கியதும் இயந்திரத்தின் மீதும் கம்பியின் மீதும் தகட்டின் மீதும் நீர் துளிர்க்கும். உடனே சுவிட்சைப் போடாமல், எல்லாம் அறை வெப்பத்துக்கு வந்து உலரும்வரை பொறு. வேலை இல்லாத வாரங்களில் ஸ்பூலைக் கழற்றி, மூடிய பையில் வீட்டுக்குள் வைத்துக்கொள். 7018 ராடைப் பெட்டி திறந்தபின் சாதாரணமாக அலமாரியில் வைக்கக் கூடாது; அதன் பூச்சு இழுக்கும் ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் வெல்டுக்குள் புகுந்து, வேலை முடிந்து சில மணி நேரம் கழித்துக்கூட விரிசலை உண்டாக்கும். பாய்லர் வேலை நடக்கும் இடங்களில் சூடான ஓவனிலிருந்து எடுத்த ராடைத்தான் ஹோல்டரில் வைப்பார்கள். வீட்டில் ஓவன் இல்லையென்றால் 6013-உடன் நிறுத்திக்கொள்வதே சரி என்பது என் எண்ணம்.

பெயர்த்தகட்டில் 200 ஆம்பியருக்கு 25 சதவீதம் என்று போட்டிருக்கிறது. பத்து நிமிடத்தில் இரண்டரை நிமிடம் மட்டுமே அந்தக் கரண்டில் எரிக்கலாம் என்பது அதன் பொருள். சூடேறி நின்றுவிட்டால் சுவிட்சை அணைக்காதே. விசிறி ஓடித்தான் அது ஆற வேண்டும். 120 வோல்ட் பிளக்கில் செருகிக்கொண்டு முழுச் சக்தியை எதிர்பார்க்கவும் முடியாது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து 240 வோல்ட்டுக்குத் தனி இணைப்புப் போட்டுக்கொள்.

அலுமினியத்தை டிக் முறையில் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். உன்னுடையது டி.சி. மட்டுமே தருவதால் முடியாது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதன் மேல் படிந்த ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தப் படலத்தை உடைக்க ஏ.சி. கரண்ட் தேவை.

புகையைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வகைப்படுத்தியது. குளிருக்காகக் கதவை மூடிக்கொண்டு வேலை செய்யாதே. புகையை உன் முகத்தைத் தாண்டவிடாமல் பக்கவாட்டில் உறிஞ்சி வெளியேற்றும் விசிறியும், முகமூடிக்குள் அணியும் சுவாசக் கவசமும் வாங்கு. துத்தநாகப் பூச்சுள்ள பைப்பை எரித்தால் அன்றிரவே குளிர்க்காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள், அது மருந்தல்ல. பூச்சை நீக்கிவிட்டு வெல்டிங் செய்வதே வழி. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பை ஆர்க்கின் அருகே கொண்டுபோகவே கூடாது, அதிலிருந்து உயிரைக் குடிக்கும் ஃபாஸ்ஜீன் வாயு உண்டாகும். சிலிண்டர்களை நிற்க வைத்துச் சுவரோடு சங்கிலியால் கட்டு. டங்ஸ்டனில் சிவப்பு முனையுள்ளதில் தோரியம் இருப்பதால் அதை விட்டுவிட்டு, லாந்தனம் கலந்ததை வாங்கு.

நீ வெல்டிங் செய்ய நினைத்திருக்கும் ட்ரெய்லரை இப்போதைக்குத் தொடாதே. 3 மில்லிமீட்டர் தகட்டுத் துண்டுகளை T வடிவில் நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் செய்து, ஆறியதும் வைஸில் பிடித்து வெல்டின் பக்கமாகவே சுத்தியலால் மடித்து முறித்துப் பார். முறிந்த முகத்தைப் படமெடுத்து அனுப்பு. அந்த நேரத்தில் இருந்த துருவம், கம்பி அளவு, வாயு அளவு, வோல்ட் ஆகியவற்றையும் எழுதி அனுப்பினால், எதை மாற்ற வேண்டும் என்று இங்கிருந்தே சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா