அட்டைப் படத்தில் நால்வர் இருக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1966ஆம் ஆண்டில் லண்டனில் பதிவான 'ப்ளூஸ் பிரேக்கர்ஸ்' இசைத்தட்டைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளியான கட்டுரையை ஆவலோடு படிக்கத் தொடங்கி, மனக்குறையோடு முடித்தேன். அந்த இசைத்தட்டின் அட்டையில், கிறுக்கல்கள் நிறைந்த ஒரு சுவரின் முன் நான்கு பேர் அமர்ந்திருப்பார்கள். தாங்கள் அச்சிட்ட படத்தில் மூவரைக் காணவில்லை. 'பீனோ' என்ற சிறுவர் காமிக்ஸ் இதழை விரித்துப் படித்துக்கொண்டிருக்கும் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் மட்டுமே எஞ்சியிருந்தார். பக்கத்தில் இடம் போதாமல் போயிருக்கலாம் என்று எண்ணிக் கட்டுரைக்குள் சென்றால், அங்கும் அதே மூவர் விடுபட்டிருந்தனர். ஜான் மேயாலின் பெயர் ஓரிடத்தில் வந்து போனது. பேஸ் கிட்டார் வாசித்த ஜான் மெக்வீயும், டிரம்ஸ் வாசித்த ஹியூகி ஃப்ளின்டும் 'உடன் வாசித்தவர்கள்' என்ற இரண்டே சொற்களில் அடங்கிவிட்டார்கள்.

முதலில் இரண்டு திருத்தங்களைச் சொல்லிவிடுகிறேன். இது கிளாப்டனின் முதல் ஆல்பம் என்று கட்டுரை கூறுகிறது. அவர் அதற்கு முன்பே 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவில் வாசித்து, 1964 டிசம்பரில் வெளிவந்த 'ஃபைவ் லைவ் யார்ட்பேர்ட்ஸ்' ஆல்பத்தில் இடம்பெற்றிருந்தார். அடுத்ததாக, 'ஹைட்அவே' என்ற வாத்திய உருப்படியைக் கிளாப்டனின் படைப்பாகக் கட்டுரை காட்டுகிறது. அது ஃப்ரெடி கிங்கும் சன்னி தாம்சனும் அமைத்தது. ஃப்ரெடி கிங் 1960இல் பதிவு செய்து, மறு ஆண்டில் அமெரிக்காவில் வெளியாகிப் புகழ்பெற்றது. ஒரு கறுப்பினக் கலைஞரின் உழைப்பு இன்னொருவர் பெயரில் அச்சாகும்போது அதைச் சிறு பிழை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

இந்த இசைத்தட்டைப் பதிவு செய்தது மேயாலின் குழு. மேக்கில்ஸ்ஃபீல்டில் 1933இல் பிறந்த மேயால், வரைகலைஞராக வேலை பார்த்துக்கொண்டே அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸை மான்செஸ்டரில் வாசித்துவந்தவர். லண்டன் ப்ளூஸ் கலைஞர் அலெக்சிஸ் கார்னர் கொடுத்த ஊக்கத்தால் 1963இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். டெக்கா இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட அவருடைய முதல் ஆல்பம், வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த 'க்ளூக்ஸ் க்ளீக்' கிளப்பில், ரசிகர்கள் முன்னிலையில் 1964 டிசம்பரில் பதிவானது. அந்தக் கிளப் டெக்காவின் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பக்கத்துக் கட்டிடம் என்பதால், கேபிளை இழுத்துச் சென்று கூடத்திலிருந்த கருவிகளிலேயே பதிவு செய்தார்கள். ஆனாலும் அது சரியாக விற்கவில்லை. கிளாப்டன் 1965 மார்ச்சில் யார்ட்பேர்ட்ஸிலிருந்து விலகியதும், அடுத்த மாதமே அவரைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டவர் மேயால். அதே ஆண்டுக் கோடையில் கிளாப்டன் திடீரென்று நண்பர்களோடு கிரீஸுக்குக் கிளம்பிப் போய்விட்டபோதும், திரும்பி வந்தவருக்கு மறுபடி இடம் கொடுத்தார். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் இந்த இசைத்தட்டே இல்லை.

1966 வசந்தத்தில் வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட் கூடத்தில் நடந்ததைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. எனக்கோ, அதுதான் இந்தக் கதையின் உயிர்நிலை. கிளாப்டன் 1960ஆம் ஆண்டுக் கிப்சன் லெஸ் பால் கிட்டாரையும், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட மார்ஷல் ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் கருவி) ஒன்றையும் கொண்டுவந்தார். (அந்த ஆம்பின் மாடல் எண் 1962, அதை ஆண்டு என்று எண்ணிக் குழம்புவோர் பலர்.) மேடையில் வைக்கும் அதே ஒலி அளவில்தான் கூடத்திலும் வாசிப்பேன், மைக்கை ஆம்பின் வாயருகே வைக்கக் கூடாது என்று அவர் பிடிவாதமாக இருந்தார். வெற்றிடக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப் ஒன்றை அதன் எல்லைவரை முடுக்கும்போதுதான் ஒலி தடித்து, ஓரங்களில் கரகரத்து, ஒரு சுரம் தேய்ந்து போகாமல் பாட்டுக்காரரின் குரலைப் போல நீண்டு நிற்கும். ஆனால் அந்நாளைய ஒலிப்பதிவு முறைப்படி அது பெரும் குற்றம்: கிட்டாரின் இரைச்சல் டிரம்ஸுக்கு வைத்த மைக்குகளுக்குள் எல்லாம் புகுந்துவிடும்.

அங்கே ஒலிப்பதிவாளராக இருந்தவர் கஸ் டட்ஜன், தயாரிப்பாளர் மைக் வெர்னன். தயங்கிய ஒலிப்பதிவாளரைச் சமாதானப்படுத்தி, வாசிப்பவரின் விருப்பப்படியே விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தவர் வெர்னன். கிட்டாரின் ஒலி கூடம் முழுக்கப் பரவி, சுவரில் மோதித் திரும்பி வரும் காற்றோடு சேர்ந்து பதிவானது. இந்த இசைத்தட்டைக் கேட்டவர்கள் அறுபது ஆண்டுகளாக வியந்து பேசும் 'கிளாப்டன் நாதம்', ஒருவரின் விரலும், இருவரின் துணிவும், ஓர் அறையின் காற்றும் சேர்ந்து உண்டாக்கியது. வெர்னன், டட்ஜன் இருவரின் பெயரும் தங்கள் கட்டுரையில் இல்லை.

கிளாப்டனின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. இருபத்தோரு வயதில் அவர் வாசித்த வாசிப்புக்கு ஈடாக அந்த ஆண்டில் பிரிட்டனில் வேறொன்று பதிவானதாக நான் கருதவில்லை. 'ஹேவ் யூ ஹேர்ட்' பாடலின் நடுவே அவர் எடுக்கும் தனி வாசிப்பு இன்றும் என்னை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. ஆனால் அந்தப் பாடல் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். ஆலன் ஸ்கிட்மோரின் டெனர் சாக்ஸபோன் நிதானமாக வழி திறக்கிறது. மேயால் அவசரமில்லாமல் பாடுகிறார். மெக்வீயும் ஃப்ளின்டும் அந்த மெதுநடையைச் சிறிதும் முந்தாமல், பிந்தாமல் தாங்கி நிற்கிறார்கள். இவ்வளவு அடக்கமாகத் தரை விரித்து வைத்ததால்தான் கிட்டார் அவ்வளவு உயரம் தாவ முடிந்தது.

ஜான் மெக்வீக்கு அப்போது வயது இருபது. வருமான வரித் துறையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இளைஞரைப் பேஸ் கிட்டார் வாசிக்க அழைத்து, கேட்டுப் பழகச் சொல்லி ப்ளூஸ் இசைத்தட்டுகளைக் கையில் கொடுத்தவர் மேயால். முதல் பக்கத்தின் முதல் பாடலான 'ஆல் யுவர் லவ்' மெதுவாக, ஒரு கனத்த தாளத்தில் நடந்துகொண்டே வந்து, நடுவில் சட்டென்று துள்ளல் நடைக்கு மாறும். பின்பு மீண்டும் பழைய நடைக்கே திரும்பும். அந்த இரண்டு திருப்பங்களிலும் கிட்டாரை மறந்துவிட்டுப் பேஸை மட்டும் கேட்டுப் பாருங்கள். வண்டி திரும்புவது அங்கே தெரியும்.

ஃப்ளின்டைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் பக்கம் ரே சார்ல்ஸின் 'வாட் ஐ சே' பாடலோடு முடிகிறது. அதில் அவருக்கு ஒரு தனி ஆவர்த்தனம் உண்டு. எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள, டிரம்ஸ் மட்டும் தனித்துப் பேசி, கூட்டி, குறைத்து, மறுபடி குழுவை அழைத்துக்கொண்டு வருகிறது. அது முடிந்ததும் கிளாப்டன் பீட்டில்ஸின் 'டே ட்ரிப்பர்' பாடலின் கிட்டார்த் தொடரை எடுத்துவிடுகிறார். வெளிவந்து சில மாதங்களே ஆகியிருந்த பாடல் அது. அதை மட்டும் தங்கள் கட்டுரை சுவையாக விவரித்திருக்கிறது. அதற்கு ஒரு நொடி முன்னால்வரை தனியாக வாசித்துக்கொண்டிருந்தவரின் பெயரைச் சொல்ல மறந்தது எப்படி?

இசைத்தட்டிலேயே கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு. எல்பி (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு) நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில்தான் சுழல்கிறது. ஆனால் ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடும் வேகம் வெளி விளிம்பில் நொடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டராக இருந்து, லேபிளை நெருங்கும்போது 20 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதே நீளப் பள்ளத்துக்குள் இரண்டு மடங்குக்கு மேல் ஒலியை நெருக்கி அடைக்க வேண்டியிருப்பதால், சிம்பல்களின் மெல்லிய கூர்மை முதலில் மங்குகிறது. ஃப்ளின்டின் தனி ஆவர்த்தனம் அந்த உட்பகுதியில்தான் அமைந்திருக்கிறது. ஊசி தேய்ந்திருந்தாலோ, டோன் ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) சரியாக அமைக்கப்படாமல் இருந்தாலோ அதிகம் பாதிக்கப்படுபவர் அவரே. பிரிட்டனில் இந்த ஆல்பம் முதலில் வெளிவந்தது மோனோ (ஒற்றைத் தட ஒலி) இசைத்தட்டாக. ஸ்டீரியோ பின்னர்தான் வந்தது. மோனோ பள்ளம் பக்கவாட்டில் மட்டும் அசைகிறது. மேலும் கீழுமான அசைவில் தூசியும் கீறலும் எழுப்பும் ஓசையைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆகவே ஆம்பில் மோனோ பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். பாதிப் படபடப்பு அடங்கிவிடும். என்னிடம் உள்ளது பிற்கால மோனோ மறுபதிப்புதான். அதில் கிட்டார் ஒரு புறம், டிரம்ஸ் மறுபுறம் என்று பிரியாமல் நால்வரும் ஒரே இடத்திலிருந்து, ஒரே மூச்சாக வருகிறார்கள்.

ஸ்கிட்மோருடன் ஜானி ஆமண்டின் பாரிடோன் சாக்ஸபோனும் ஒரு ட்ரம்பெட்டும் இரண்டாம் பக்கத்தில் சேர்ந்துகொள்கின்றன. 'கீ டு லவ்', 'ஸ்டெப்பின் அவுட்' இரண்டிலும் அவற்றின் கனத்தைக் கேட்கலாம். அதே பக்கத்தில் 'பார்ச்மன் ஃபார்ம்' பாடலை மேயாலின் மவுத் ஆர்கன்தான் முன்னின்று நடத்துகிறது. முதல் பக்கத்து 'அனதர் மேன்' பாடலிலோ அவருடைய குரலும் மவுத் ஆர்கனும் போக மீதி வெறுமை. கிட்டாருக்காக மட்டும் இந்த இசைத்தட்டை வாங்குபவர்கள் ஊசியைத் தூக்கித் தாண்டிப் போகும் இடங்கள் இவை. தாண்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாடல்களை ஆக்கியவர்களின் பட்டியலையும் கட்டுரை தரவில்லை. 'ஆல் யுவர் லவ்' ஓடிஸ் ரஷ் 1958இல் சிகாகோவில் பதிவு செய்தது. 'ஸ்டெப்பின் அவுட்' மெம்பிஸ் ஸ்லிமிடமிருந்தும், 'இட் எயின்ட் ரைட்' லிட்டில் வால்டரிடமிருந்தும் வந்தவை. 'பார்ச்மன் ஃபார்ம்' மோஸ் அலிசன் எழுதியது. பார்ச்மன் என்பது மிசிசிப்பி மாநிலத்தின் சிறைப் பண்ணை. கிளாப்டன் தனியாகப் பாடி முதன்முதலில் பதிவான 'ராம்ப்ளின் ஆன் மை மைண்ட்', ராபர்ட் ஜான்சன் 1936 நவம்பரில் டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் பதிவு செய்த பாடல். ஜான்சன் அதற்கு இரண்டே ஆண்டுகளில் மறைந்துவிட்டார். முப்பது ஆண்டுகள் கழித்து ஓர் ஆங்கிலேய இளைஞர், மேயாலின் பியானோவைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கூச்சம் மாறாத குரலில் அதைப் பாடுகிறார். இந்தத் தொடர்ச்சியைச் சொல்லாமல் 'பிரிட்டன் கண்டுபிடித்த நாதம்' என்று தலைப்பிடுவது உண்மைக்குப் பொருந்தாது.

ஆல்பம் 1966 ஜூலை 22 அன்று வெளிவந்து, பிரிட்டன் பட்டியலில் ஆறாம் இடம்வரை ஏறியது. அதற்குள் கிளாப்டன் குழுவை விட்டு விலகி, ஜாக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் ஆகியோருடன் 'கிரீம்' குழுவைத் தொடங்கியிருந்தார். அந்த ஒத்திகைகளின் போதுதான் அந்த லெஸ் பால் கிட்டார் களவு போனது. அவருடைய இடத்துக்கு வந்த பீட்டர் கிரீன் மறு ஆண்டில் தனிக் குழு அமைத்தபோது, டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட்டின் பெயரையும் மெக்வீயின் பெயரையும் இணைத்து அதற்கு 'ஃப்ளீட்வுட் மேக்' என்று பெயரிட்டார். அப்போது மெக்வீ அந்தக் குழுவில் சேரவே இல்லை, மேயாலிடம்தான் இருந்தார். வாசிக்க வருவதற்கு முன்பே ஒருவரின் பெயரைக் குழுவுக்குச் சூட்டிக் காத்திருக்கும் அளவுக்கு மதிக்கப்பட்ட கலைஞரைத்தான் நாம் 'உடன் வாசித்தவர்' என்று எழுதிக் கடக்கிறோம். ஃப்ளின்டும் பிறகு 'மெக்கின்னஸ் ஃப்ளின்ட்' குழுவில் தம் பெயராலேயே அறியப்பட்டார்.

ஜான் மேயால் 2024 ஜூலை 22 அன்று, தமது தொண்ணூறாவது வயதில் கலிஃபோர்னியாவில் காலமானார். இந்த ஆல்பம் வெளிவந்த அதே தேதி. தங்கள் கட்டுரை அவர் மறைந்ததையும் குறிப்பிடவில்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். 'ஹைட்அவே' பற்றிய திருத்தத்தை, ஃப்ரெடி கிங், சன்னி தாம்சன் ஆகியோரின் பெயர்களோடு, அதே ஞாயிறு இணைப்பில் வெளியிடுங்கள். அதனுடன் அட்டைப் படத்தை முழுமையாக அச்சிட்டு, அடியில் நால்வரின் பெயரையும் தாருங்கள்: ஜான் மேயால், எரிக் கிளாப்டன், ஜான் மெக்வீ, ஹியூகி ஃப்ளின்ட். இரண்டு பத்தி அகலம் கிடைத்தாலே நான்கு முகங்களும் தெளிவாகத் தெரியும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்