யாரைக் கேட்பது, எதைக் கேட்பது?

ஆசிரியருக்கு,

முக்கிய முடிவுகளைப் பொது வாக்கெடுப்பின் மூலம் மக்களிடமே விட்டுவிட வேண்டும் என்று வாசகர்கள் சிலர் இப்பகுதியில் எழுதி வருகின்றனர். நோக்கம் நல்லதே. ஆனால் கேள்வியை வகுப்பவர் யார், வாக்களிப்பவர் யார் என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

1967 ஜனவரியில், மகாராஷ்டிரத்துடன் இணைவதா, யூனியன் பிரதேசமாக நீடிப்பதா என்று கோவா மக்களிடம் கேட்கப்பட்டது. இணைப்புக்குப் பூவும் நீடிப்புக்கு இரட்டை இலையும் சின்னங்கள். இலை வென்றது (நம் ஊர் இலைக்கும் அதற்கும் தொடர்பில்லை). தனி மாநிலம் வேண்டும் என்றவர்களுக்கு வாக்குச்சீட்டில் இடமே இல்லை. அது 1987-இல்தான் கைகூடியது. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற 51.9 சதவீதம் பேர் வாக்களித்த பிரிட்டனிலும், எப்படி வெளியேறுவது என்று சீட்டில் கேட்கப்படாததால், இழுபறி மூன்றரை ஆண்டுகள் நீடித்தது.

வாக்களிப்பவர் யார் என்பது இதைவிடச் சிக்கலானது. எங்கள் கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் எரிஉலை அமைக்கலாமா என்று மாநகராட்சியின் 200 வார்டுகளிலும் வாக்கெடுப்பு நடத்தினால் முடிவு என்னவாகும் என்பதை, காற்று திரும்பும் மாலைகளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாப்பிட உட்காரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒடிசாவின் நியம்கிரியில் பாக்சைட் சுரங்கம் குறித்து, 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து மலையோரக் கிராம சபைகள் பன்னிரண்டிடம்தான் கேட்டார்கள், பன்னிரண்டும் மறுத்தன, சுரங்கம் வரவில்லை.

நமக்கு இருப்பதோ, இத்தகைய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருமுன் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டம். 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி அதில் வாக்கெடுப்பு கிடையாது. குறைந்தபட்சம் இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற விதியும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் எண்ணூர்ப் பக்கம் நடந்த அப்படியொரு கூட்டத்தில், பெயர் கொடுத்துவிட்டு நெடுநேரம் காத்திருந்த மீனவப் பெண் ஒருவர், மைக் கைக்கு வந்ததும், வேண்டாம் என்று நாங்கள் சொன்னால் நிறுத்திவிடுவீர்களா என்று மட்டும் கேட்டார். கருத்து பதிவு செய்யப்படும் என்று மேடையிலிருந்து பதில் வந்தது.

நாடு தழுவிய வாக்கெடுப்பைப் பிறகு பேசலாம். முதலில் அந்த அறிவிக்கையைத் திருத்தி, திட்டம் அமையும் இடத்தைச் சுற்றியுள்ள வார்டுகளிலும் ஊராட்சிகளிலும் ரகசிய வாக்கெடுப்பு நடத்தி, அதன் முடிவு அரசைக் கட்டுப்படுத்தும் என்று எழுத்தில் சேர்க்கட்டும். கேள்வியின் வாசகத்தை, திட்டத்தைக் கொண்டுவருவோர் மட்டுமே முடிவு செய்யாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொடுங்கையூர், சென்னை.