சங்கிலிக்கும் ஒரு கப்பல் கிடைத்திருக்கும்

ஒட்டுசுட்டான்,
மாசி, ஞாயிறு இரவு

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பதில் எழுதச் சுணங்கியதற்கு யானையைத்தான் குற்றம் சொல்லவேண்டும். காலபோக நெல் முற்றி நிற்கிறது. அருவி வெட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் அதுகளுக்கும் பசி எடுக்கும். போன வியாழன் இரவு இரண்டு பெரிசும் ஒரு குட்டியும் வந்து பக்கத்து வயலில் அரை ஏக்கரை உழக்கிவிட்டுப் போயின. அதனால் முறை வைத்துக் காவல் கொட்டிலில் படுக்கிறோம். இதையும் அங்கே இருந்துதான் எழுதுகிறேன், டோர்ச்சைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு. எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உன் எழுத்தை நான் பள்ளிக்கூட நாளிலிருந்து பொறுத்து வருகிறேன்.

முழங்கால் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று அறிந்து சந்தோசம். பனிக்குள் இறங்கி வீரம் காட்டாதே.

ஊர்ப் புதினம் என்றால் சித்தப்பாவின் காணிப் பிரச்சினைதான். முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே அவருக்குக் கிடைத்த பெர்மிட் காணி உனக்கு ஞாபகம் இருக்கும், நாம் மாங்காய் களவெடுத்த இடம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தில் அரசாங்கம் கொடுத்தது. உறுதிக் காணி மாதிரிப் பங்கு போட முடியாது. உயிரோடிருக்கும்போதே எனக்குப் பிறகு இன்னார் என்று பின்னுரித்தாளரின் பெயரைப் பதிந்துவிட வேண்டும். பதியாவிட்டால் சட்டம் தன் வரிசைப்படி ஆளைத் தேடும். சித்தப்பா பதியவில்லை. கேட்டால், "நான் இப்ப சாகப்போறேனோ?" என்று சண்டைக்கு வருவார். போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது மூத்தவன் கொழும்பிலிருந்து போனில் சட்டம் பேசுகிறான். இளையவன் இருபது வருடம் சேற்றில் நின்றதைப் பேசுகிறான். நடுவில் மத்தியஸ்தம் பேசப் போனவன் நான். இரண்டு பக்கமும் இப்போது என்னோடு கதையில்லை.

இந்த நேரம் பார்த்து உன் கடிதம். 1519இல் சங்கிலிக்குப் பதிலாக அவன் தமையன் பரநிருபசிங்கன் நல்லூர் அரியணையில் ஏறியிருந்தால் யாழ்ப்பாண ராச்சியம் பறங்கியிடம், அதுதான் போர்த்துக்கேயரிடம், போயிராது என்று நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். சரி, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். படிப்பித்த காலத்தில் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொன்னேன். அதை இந்தக் கொட்டிலில் இருந்து திரும்ப யோசித்துப் பார்த்தேன்.

கதையை முதலில் நேராக்குவோம். நீ நம்பியிருப்பது யாழ்ப்பாண வைபவமாலை என்ற சரித்திர நூலை. அது ஒல்லாந்தர் காலத்தில், 1736 அளவில், மயில்வாகனப் புலவர் எழுதியது. சம்பவம் நடந்து இருநூறு வருடத்துக்குப் பிறகு. அதில் நல்லூர் அரசன் பரராசசேகரனின் பட்டத்துப் பிள்ளைகளில் மூத்தவன் நஞ்சில் போகிறான், அடுத்தவன் பண்டாரம் கத்தியில் போகிறான். வைத்தியம் தெரிந்த பரநிருபசிங்கன் கண்டி அரசியின் நோயைத் தீர்க்கப் போயிருந்த நேரத்தில், மங்கத்தம்மாள் என்ற ஆசைநாயகியின் மகன் சங்கிலி சிங்காசனத்தில் ஏறிவிடுகிறான். திரும்பி வந்தவனுக்குக் கிடைத்தது ஏழு ஊர். அற்புதமான கதை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1519 தொடக்கம் 1561 வரை ஆண்ட சங்கிலியையும், 1619இல் போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேறாவிடம் பிடிபட்டு 1623இல் கோவாவில் மரணதண்டனை பெற்ற சங்கிலியையும் புலவர் ஒரே ஆளாக்கிவிட்டார். நூறு வருடத்துப் பழி முழுவதும் ஒருவன் தலையில்.

காக்கை வன்னியனுக்கும் இதே கதிதான். சங்கிலியைக் கட்டித் தழுவிப் பிடித்துக் கொடுத்தவன் என்று வைபவமாலை சொல்கிறது. நம் பக்கத்தில் ஆங்கிலேயரை எதிர்த்த பண்டாரவன்னியனின் நாடகத்திலும் காட்டிக் கொடுப்பவன் காக்கை வன்னியன்தான். சைக்கிள் டபிளில் நாம் கற்சிலைமடுவுக்குப் போய்ப் பார்த்தோமே, கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான், 1803 ஒக்டோபர் 31 என்று பொறித்த கல். அந்த ஆண்டிலும் காக்கை வன்னியன் உயிரோடு இருந்து துரோகம் செய்திருக்கிறான் என்றால் அவன் ஆயுளுக்குத்தான் சிலை வைக்கவேண்டும்.

இப்போது உன் விளையாட்டுக்கு வருகிறேன். பரநிருபசிங்கனை நீ அரியணையில் இருத்து. நான் மறிக்கவில்லை. நல்லவன், வைத்தியன், பட்டத்துரிமை உள்ளவன். அவன் அரியணையில் இருக்கட்டும், சங்கிலி எங்கே போவான்? நீ அதை எழுதவேயில்லை.

பழைய காலமென்றால் தோற்ற இளவரசன் ஆனையிறவைத் தாண்டி இந்தக் காட்டுக்குள் வருவான். ஏதாவது ஒரு வன்னிமையிடம், அதுதான் இங்கத்தைய குறுநிலத் தலைவனிடம், சோறு தின்றுகொண்டு பத்து இருபது பேரைச் சேர்ப்பான். அல்லது கடல் கடந்து தமிழ்நாட்டுக் கரையில் இறங்குவான். காய்ச்சலில் சாவான், இல்லையென்றால் சமாதானமாகித் திரும்புவான். ஆனால் 1505இல் போர்த்துக்கேயர் கொழும்பில் கால் வைத்து, 1510இல் கோவாவைப் பிடித்த பிறகு, தோற்றவனுக்குப் புதிதாக ஒரு வாசல் திறந்துவிட்டது. கோவாவுக்குப் போ, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள், ‘தொன்’ என்ற பறங்கிப் பட்டத்தோடும் பீரங்கியோடும் திரும்பி வா. நீ போட்ட கணக்கில் அந்தக் கப்பலில் ஏறுகிறவன் சங்கிலி. அவனுக்கிருந்த துணிவுக்கு முதல் ஆளாகவே ஏறியிருப்பான். பிறகு நல்லூர் முத்திரைச் சந்தியில் குதிரைமேல் வாளோடு நிற்கிறவன் பரநிருபசிங்கனாக இருப்பான். நம் பிள்ளைகள் ஒருவனை ஒருவன் ஏசும்போது, "டேய் சங்கிலி" என்பார்கள்.

இது என் கற்பனை மட்டும் என்று நினைக்காதே, தெற்கே கோட்டை ராச்சியத்தில் நடந்ததைப் பார். 1521இல் அரசன் விஜயபாகு தங்களை விட்டு வேறொரு பிள்ளைக்குப் பட்டம் கொடுக்கப் பார்க்கிறான் என்று மூன்று மகன்மாரும் சேர்ந்து தகப்பனை முடித்தார்கள். நாட்டை மூன்றாகப் பிரித்தார்கள். மூத்தவன் புவனேகபாகு போர்த்துக்கேயரைப் பிடித்தான். இளையவன் மாயாதுன்னை கேரளத்துக் கள்ளிக்கோட்டை அரசன் சாமூத்திரியின் படகுகளைப் பிடித்தான். வேலிச் சண்டைக்கு இரண்டு வீட்டாரும் வெளியூரிலிருந்து சண்டியனைக் கூட்டிவருகிற மாதிரி. தன் பேரன் தர்மபாலனே வாரிசு என்பதை உறுதிப்படுத்த, அந்தப் பிள்ளையின் பொற்சிலை ஒன்றைச் செய்து லிஸ்பனுக்கு அனுப்பினான் புவனேகபாகு. 1543இல் போர்த்துக்கல் அரசன் அந்தச் சிலைக்குத் தன் கையால் முடி சூட்டினான். யோசித்துப் பார் மச்சான், பின்னுரித்தாளர் பெயரைப் பதிய ஒரு மனிதன் பூமியின் மறு பக்கத்துக் கந்தோருக்குப் போயிருக்கிறான்! பதிந்தும் பலனில்லை. 1551இல் களனியில் வைத்து ஒரு போர்த்துக்கேயச் சிப்பாயின் வெடியிலேயே புவனேகபாகு செத்தான். பேரன் 1557இல் ஞானஸ்நானம் எடுத்துத் தொன் ஜுவானானான். பிள்ளை குட்டி இல்லாமல், 1580 ஓகஸ்ட் 12இல் நாட்டையே போர்த்துக்கல் முடிக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான். அந்த நன்கொடையை வாங்கப் போர்த்துக்கலில் உருப்படியாக ஒரு ராஜா இல்லை. செபஸ்தியான் 1578இல் மொரோக்கோவில் போருக்குப் போய்ச் செத்தான், பிள்ளையில்லை. பின்னால் வந்த கிழட்டுக் கர்தினால் 1580 தையில் கண்ணை மூடினார், அவருக்கும் பிள்ளையில்லை. அந்தோனியோ என்று ஒருவன் நானே ராஜா என்றான். முறை தவறிப் பிறந்தவன் என்று அவனைத் தள்ளினார்கள். நம் சங்கிலிக்குச் சொன்ன அதே குறை. ஸ்பெயின் பிலிப்பு படையை அனுப்பி, ஓகஸ்ட் 25இல் லிஸ்பன் வாசலில் அந்தோனியோவை உடைத்தான். தர்மபாலன் உறுதி எழுதிப் பதின்மூன்று நாளில், உறுதி வாங்கிய வீடே கைமாறிவிட்டது. அந்தோனியோ எங்கே போனான் தெரியுமா? பிரான்சுக்கு, பிறகு இங்கிலாந்துக்கு. இரண்டு இடத்திலும் கப்பல் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். இங்கே அவர்கள் ஆடிய ஆட்டத்தை அங்கே அவர்களுக்கு ஆடிக் காட்டினார்கள். இதை வாசித்த அன்று நான் தனியே இருந்து சிரித்ததைப் பார்த்து மனிசி பயந்துவிட்டா.

நம் பக்கத்தில் இந்த விளையாட்டு 1545இலேயே முடிந்திருக்க வேண்டியது. முந்தின வருடம் மன்னாரில் கிறிஸ்தவர்களான சனங்களைச் சங்கிலி வெட்டுவித்தான். சங்கிலியின் தமையன் என்று உரிமை கோரிய ஒருவன், அரியணை தந்தால் கிறிஸ்தவ வேதத்தில் சேர்கிறேன் என்று போர்த்துக்கேயரிடம் நின்றான். சவேரியார் அவனுக்காகக் கடிதம் கடிதமாக எழுதி, படை புறப்படுவதைப் பார்க்க நாகபட்டினம் வரைக்கும் வந்தார். அந்த நேரம் பர்மாவின் பெகுவிலிருந்து சரக்கோடு வந்த போர்த்துக்கேயக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டியது. சரக்கைச் சங்கிலி பிடித்துக்கொண்டான். சரக்கு திரும்பி வரும்வரை சண்டை வேண்டாம் என்று படையை நிறுத்திவிட்டார்கள். ராஜதந்திரமும் இல்லை, வீரமும் இல்லை. ஒரு மணல் திட்டி சங்கிலிக்குப் பதினைந்து வருட ஆட்சியைக் கொடுத்தது. நீ மாற்றி எழுதுவதானால் 1519ஐ விட்டுவிட்டு இந்த மணல் திட்டியிலிருந்து தொடங்கு.

1560இல் போர்த்துக்கேய வைஸ்ரோய் கொன்ஸ்தந்தீனு டி பிரகன்சா வந்து நல்லூரைப் பிடித்தது, சங்கிலி தெற்கே ஓடியது, சனம் கிளம்பி அவர்களை விரட்டியது, அவர்கள் மன்னாரில் கோட்டை கட்டி ஒட்டிக்கொண்டது எல்லாம் உனக்குப் பாடம். 1591இல் போர்த்துக்கேயத் தளபதி பூர்த்தாடோ வந்து ராஜாவைக் கொன்று எதிர்மன்னசிங்கனை இருத்தியதும் பாடம். அவன் 1617இல் செத்தபோது வாரிசு குழந்தை. பார்த்துக்கொள்ள நியமித்தவனைக் கொன்றுவிட்டு இரண்டாம் சங்கிலி ஆட்சியைத் தானே எடுத்துக்கொண்டான். இரண்டு வருடத்தில் எல்லாம் முடிந்தது.

ஒரு இடத்தில் மட்டும் உன்னோடு நிற்கிறேன். மன்னார். முத்துக்குளித்துறையில் பரதவர் 1530களில் வேதத்தில் சேர்ந்ததும் போர்த்துக்கல் ராஜாவின் ஆட்களாகிவிட்டார்கள். மன்னாரும் அப்படிப் போனால் முத்தும் வரியும் கையை விட்டுப் போகும் என்று நல்லூரில் யார் இருந்தாலும் பயந்திருப்பான், பரநிருபசிங்கனும்தான். ஆனால் பயந்தவன் எல்லாரும் வெட்டுவதில்லை. அறுநூறு எழுநூறு பேர் என்று சொல்வார்கள். போன வருடம் ஒரு கலியாண வீட்டுக்கு மன்னார் போனபோது தோட்டவெளி வேதசாட்சிகள் கோயிலில் கொஞ்ச நேரம் நின்றேன். ராச்சியம் எப்படியும் போயிருக்கும் மச்சான். ஆனால் கைநாடி பிடித்துப் பழகிய ஒருவன் அரியணையில் இருந்திருந்தால் அந்தச் சனம் படகேறிப் போக விட்டிருப்பான் என்று அங்கே நின்றபோது தோன்றியது. சரித்திர வாத்தி இப்படி எழுதக்கூடாதுதான். எழுதிவிட்டேன், நீ அடித்துவிடு.

வன்னிக்கு என்ன வித்தியாசம் என்று கேட்டிருந்தாய். பனங்காமமோ முள்ளியவளையோ கரிக்கட்டுமூலையோ, நல்லூரில் யார் இருந்தாலும் இங்கிருந்து போவது யானைதான். பறங்கி வந்தான், அவனுக்கும் யானை. ஒல்லாந்தன் வந்தான், அவனுக்கும் யானை. பரநிருபசிங்கனும் அதைத்தான் கேட்டிருப்பான். அப்போது பிடிபடாமல் தப்பியவற்றின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் நான் இப்போது காவல் இருக்கிறேன்.

இதை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை, உனக்கு மட்டும். நேற்று சித்தப்பாவின் கடதாசிகளைத் தேடும்போது என் பெர்மிட்டும் அகப்பட்டது. பின்னுரித்தாளர் இடம் வெறுமையாக இருக்கிறது. மூத்தவள் கிளிநொச்சியில், சின்னவன் மத்திய கிழக்கில், வயலைப் பார்ப்பவன் மருமகன். இரவிரவாக யோசித்தும் பேனை இறங்கவில்லை. சித்தப்பாவை இனித் திட்டமாட்டேன்.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வா. கால் சரியாகாவிட்டால் ஆனியில் வா, பாலைப்பழம் இருக்கும். வரும்போது நல்ல டோர்ச் ஒன்று கொண்டு வா, தலையில் கட்டுவது. பக்கத்துக் கொட்டிலில் வெடி கொளுத்துகிறார்கள். போய்ப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் கடைசி வாங்குக் கூட்டாளி