மெயில் கணக்குகள் முடங்கியது பற்றிய முறைப்பாடு – ஒன்பதாவது தடவை

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளருக்கு,

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

ஏழு கிழமைக்குள் உங்களுக்கு நான் எழுதும் ஒன்பதாவது மெயில் இது. முந்திய எட்டுக்கும் ஒவ்வொரு டிக்கெட் இலக்கம், அதாவது முறைப்பாட்டு இலக்கம், வந்தது, பதில் சொல்ல ஆள் வரவில்லை. இன்றைக்கு விடிய நாலு மணிக்கு எழும்பி இருந்து எழுதுகிறேன், ஏனென்றால் எட்டரைக்குக் கந்தோர் திறந்தவுடன் இங்கே வேலை செய்யும் பிள்ளைகள் ஒவ்வொருவராக என் மேசைக்கு வந்து "மெயில் வருதில்லை" என்பார்கள், அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. தயவுசெய்து இதையாவது கடைசி வரை வாசியுங்கள்.

நாங்கள் புதுக்குடியிருப்பில் உள்ள ஒரு விவசாயிகள் சங்கம். உறுப்பினர்களின் நெல்லை வாங்கிக் குத்தி, மொட்டைக்கறுப்பனும் சம்பாவும் பொதி செய்து கொழும்புக்கு அனுப்புகிறோம். உங்கள் மெயில் சேர்வரில் எங்களுக்குப் பதினொரு கணக்குகள் இருக்கின்றன. எந்தத் திட்டம், எவ்வளவு இடம் என்பதெல்லாம் உங்களிடம் இருக்கும், நான் சொல்லத் தேவையில்லை. ஆறு வருடமாகச் சந்தா ஒரு நாளும் பிந்தவில்லை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தை மாதக் கடைசியில் எங்கள் கணக்காளர் பிள்ளை வேலையை விட்டு கனடா போய்விட்டார். அவருடைய கணக்கை மூடித் தாருங்கள் என்று முறையாக எழுதிக் கேட்டோம். மூடியாகிவிட்டது என்று பதில் போட்டீர்கள். அடுத்த கிழமையில் இருந்து கந்தோரில் ஒருவருக்கும் மெயில் திறக்கவில்லை. ஒரு ஆளுக்கு மட்டும் என்றால் அவர் பாஸ்வேர்ட்டை மறந்துவிட்டார் என்று நினைக்கலாம், பத்துப் பேருக்கும் ஒரே நிமிடத்தில் நின்றால் பத்துப் பேருமா மறந்தார்கள்? இதை முதல் நாளே உங்கள் ஆளிடம் கேட்டேன். "பாஸ்வேர்ட் மாத்திப் பாருங்கோ" என்றார். மாற்றினோம். அடுத்த நாள் வேறு ஒருவர், அவரும் அதையே சொன்னார். மொத்தம் ஒன்பது தடவை மாற்றியிருக்கிறோம்.

அப்போது எங்களுக்கு விளங்காத ஒன்று இப்போது விளங்குகிறது. உங்களுக்கு அது முதல் நாளே விளங்கியிருக்க வேண்டும். பாஸ்வேர்ட் பிழை என்றால் சேர்வர் 535 என்ற இலக்கத்தோடு அதைச் சொல்லித் திருப்பும். எங்களுக்கு வந்தது அது இல்லை. சேர்வரோடு தொடர்பே கிடைக்கவில்லை என்றுதான் திரையில் வந்தது, சுத்திக்கொண்டே இருந்து பிறகு நின்றது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருந்தால் பாஸ்வேர்ட்டைத் தொட்டே இருக்க மாட்டோம். திரையில் என்ன எழுத்து வருகிறது என்று உங்கள் ஆட்களில் ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. இருபத்து மூன்று அழைப்பில் ஒரு தடவைகூட இல்லை.

அதோடு, கந்தோரில் திறக்காத மெயில் பிள்ளைகளின் போனில், அவர்களின் சொந்த டேட்டாவில், திறந்தது. வீட்டிலும் திறந்தது. அதையும் சொன்னேன். ரவுட்டரை நிப்பாட்டிப் போட்டால் கொஞ்ச நேரம் வரும், பிறகு போகும் என்றும் சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டு "அப்ப உங்கட லைன்தான் பிரச்சினை" என்று முடித்துவிட்டார்கள். லைன் பிரச்சினை என்றால் அதே லைனில் வங்கிப் பக்கம் எப்படித் திறக்கிறது, யூடியூப் எப்படி ஓடுகிறது? ரவுட்டரை நிப்பாட்டிப் போட்டால் எங்களுக்குப் புது ஐபி முகவரி, அதாவது இணையத்தில் எங்கள் லைனை அடையாளம் காட்டும் இலக்கம், கிடைக்கிறது, உங்கள் சேர்வர் தடுத்து வைத்திருந்தது பழைய முகவரியை, அதனால்தான் கொஞ்ச நேரம் திறந்தது. சேர்வர் வைத்து நடத்துகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா?

இதைக் கண்டுபிடித்தது நீங்கள் இல்லை. போட்டோகொப்பி மெஷினுக்கு மை போட பரந்தனில் இருந்து வந்த தம்பி கண்டுபிடித்தார். எங்கள் மெஷின் ஸ்கேன் செய்ததை நேராக மெயிலில் அனுப்பும். "ஐயா, இந்த மெஷின் இன்னும் அந்த அக்காவின்ர மெயிலுக்குள்ளாலதானே அனுப்பப் பாக்குது" என்றார். கனடா போன பிள்ளையின் கணக்கும் பழைய பாஸ்வேர்ட்டும் ஆறு வருடத்துக்கு முதல் அதில் போட்டது, எல்லாரும் மறந்துவிட்டோம். மூடுவதென்று சொல்லி நீங்கள் அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட்டை மாற்றியதில் இருந்து, யாராவது ஒரு தாளை ஸ்கேன் செய்தால் மெஷின் பழைய பாஸ்வேர்ட்டோடு உங்கள் சேர்வரைத் திரும்பத் திரும்பத் தட்டியிருக்கிறது. நாலைந்து தடவை பிழைத்தவுடன், யாரோ திருட வருகிறார்கள் என்று சேர்வர் அந்த முகவரியையே தடுத்துவிடும். எங்கள் கந்தோருக்கு ஒரே ரவுட்டர், வெளியே தெரிவது ஒரே முகவரி. ஒரு மெஷின் செய்த பிழைக்குப் பத்துப் பேரும் வெளியே நின்றோம்.

மறந்தது எங்கள் பிழை, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பாதுகாப்பையும் நான் குறை சொல்லவில்லை, அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் எந்தக் கணக்கு, எந்த நேரம், எந்த முகவரியில் இருந்து பிழைத்தது என்று உங்கள் சேர்வரின் லொக்கில் வரி வரியாக எழுதியிருக்கும். மூடிய கணக்கின் பெயர் அதில் நூறு தடவை வந்திருக்கும். அந்தப் பதிவைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும் விஷயம் இது. பார்க்காததோடு நிற்கவில்லை, பாஸ்வேர்ட்டை மாற்றச் சொல்லிச் சொல்லி நிலைமையைக் கெடுத்தும் இருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் பிள்ளைகளின் போன்களில் பழைய பாஸ்வேர்ட் அப்படியே கிடந்தது, கந்தோர் வைஃபையில் இருந்துகொண்டு அந்தப் போன்களும் சேர்வரைத் தட்டின, தடை மேலும் மேலும் விழுந்தது.

இனி ஒரு வியாழக்கிழமை நடந்ததற்கு வருகிறேன். பங்குனி முதல் கிழமை, பின்நேரம் மூன்றே கால். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்த பிறகு ஒரு பொடியன் எடுத்தார். பெயர் கேட்டேன், சொல்லவில்லை, உங்கள் ஒலிப்பதிவில் இருக்கும், எடுத்துக் கேளுங்கள். எங்கே இருந்து கதைக்கிறீர்கள் என்று கேட்டார். புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு மாவட்டம் என்றேன். "ஓ, வன்னியா? அங்க காட்டுக்குள்ள லைன் அப்பிடித்தான் இருக்கும். அங்கிள், உங்களுக்கு இதுகள் விளங்காது, கொம்பியூட்டர் தெரிஞ்ச ஆரையும் கதைக்கச் சொல்லுங்கோ" என்றார். பின்னால் யாரோ சிரித்ததும் கேட்டது.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. போர்க் காலத்தில் கரண்டே இல்லாத ஊரில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டவர்கள் நாங்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி, முகாமில் இருந்து, 2009க்குப் பிறகு திரும்பி வந்து, கூரை இல்லாத மில்லைத் திருத்தி இந்தச் சங்கத்தை நடத்துகிறோம். எங்களுக்கு எது விளங்கும், எது விளங்காது என்று அந்தப் பொடியன் சொல்லத் தேவையில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. காசு போனதைவிட இந்தப் பேச்சுத்தான் என் மனதில் கிடக்கிறது. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், எழுத்தில்.

நடுவில் நடந்த ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். நான்காவது அழைப்பிலோ ஐந்தாவதிலோ, கொள்வனவுப் பிரிவின் கணக்கை "அழிச்சுப்போட்டுப் புதுசாப் போடுவம், சரிவரும்" என்று ஒருவர் சொன்னார். பழைய மெயில்கள் இருக்குமா என்று இரண்டு தரம் கேட்டேன், இருக்கும் என்றார். இல்லை. சேர்வரில் அழிந்தது, கந்தோர்க் கணினியும் வெறுமையான பெட்டியைப் பார்த்துத் தன்னிடம் இருந்ததையும் அழித்துக்கொண்டது. நான்கு வருடக் கடிதப் போக்குவரத்து, விலை ஒப்பந்தம், எல்லாம் போச்சு. காப்புப் பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். அதைக் கேட்டு மூன்று டிக்கெட் போட்டிருக்கிறேன்.

கொழும்புப் பயணத்தை என்னவென்று சொல்வது. எங்கள் கணக்குகளை நாங்களே பார்த்துக்கொள்ளும் அட்மின் கணக்கும் அந்தக் கணக்காளர் பிள்ளையின் பெயரில்தான் இருந்தது, உள்ளே போக வேண்டிய ஆறு இலக்கக் குறியீடு அவருடைய பழைய இலங்கை நம்பருக்குத்தான் வரும், அந்த சிம் இப்போது இல்லை. இதை என் பெயருக்கு மாற்றித் தர என்ன வேண்டும் என்று கேட்டேன். சங்கக் கடிதத் தலைப்பில் கடிதம், நிர்வாகக் குழுத் தீர்மானம், அடையாள அட்டைப் பிரதி, நேரில் வர வேண்டும் என்றீர்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் ஏறினேன். ஒட்டுசுட்டான், மாங்குளம், வவுனியா என்று இரவு முழுக்க இருந்து போய், விடிய முகம் கழுவி, உங்கள் கந்தோர் திறக்க முதலே வாசலில் நின்றேன். கவுண்டரில் இருந்த பிள்ளை, இது விற்பனைக் கந்தோர், தொழில்நுட்ப விஷயம் டிக்கெட்டில்தான் போட வேண்டும் என்றார். உங்கள் மெயிலைக் காட்டினேன். இருக்கச் சொன்னார். பின்நேரம் மூன்று மணி வரை இருந்தேன். பிறகு ஒருவர் வந்து கடிதத்தைப் பார்த்து, முத்திரை தமிழில் மட்டும் இருக்கிறது, ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வேண்டும் என்றார், அதுவும் போதாதென்று பழைய அட்மின் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அவர் கனடாவில் இருக்கிறார் என்று உங்களுக்கு ஐந்து தடவை எழுதியிருக்கிறேன்! திரும்பி வரும் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் வவுனியா வரை நின்றுகொண்டு வந்தேன். இரண்டு நாள் போனது, வேலை ஒன்றும் நடக்கவில்லை.

அந்தக் கணக்காளர் பிள்ளையே போன கிழமை கனடாவில் இருந்து போன் எடுத்தார். "அங்கிள், சங்கத்துக்கு வாற மெயில் இன்னும் எனக்கு வருது, நான் ஒண்டையும் பாக்கேல்ல, நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்றார். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. வேலை செய்த காலத்தில் வசதிக்காகத் தன் ஜிமெயிலுக்கு மெயில் திரும்பிப் போகும்படி போட்டிருந்திருக்கிறார். நீங்கள் பாஸ்வேர்ட்டை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிட்டோம் என்று எழுதினீர்கள். பாஸ்வேர்ட்டை மாற்றினால் அது நிற்காது, தனியாகப் பார்த்து எடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்தானே. உறுப்பினர்களின் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கு இலக்கமும் அந்தப் பெட்டிக்குத்தான் வரும். அவர் நேர்மையான பிள்ளை, எடுத்துச் சொன்னார். வேறு ஒருவராக இருந்தால்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் இருப்பதை உங்களுக்கு நினைவூட்டுகிறேன்.

நட்டத்தைச் சொல்கிறேன். கொழும்பில் எங்களிடம் வழக்கமாக வாங்கும் ஒரு கடையில் இருந்து மொட்டைக்கறுப்பனுக்குப் பெரிய ஓடர் ஒன்று புதன்கிழமை வந்திருக்கிறது, வெள்ளிக்குள் பதில் வேண்டும் என்று. நாங்கள் அதைக் கண்டது திங்கட்கிழமை, ஒரு பிள்ளையின் போனில். அவர்கள் வேறு இடத்தில் வாங்கிவிட்டார்கள். காலபோக நெல் மூட்டை மூட்டையாகக் களஞ்சியத்தில் அடுக்கிக் கிடக்கிறது, உறுப்பினர்கள் காசுக்கு வந்து நிற்கிறார்கள். இந்தப் போகமே உங்களால் போனது. ஆறு வருடமாகக் கட்டி எழுப்பிய பெயர் ஏழு கிழமையில் நாசமாகப் போச்சு, இனிக் கொழும்பில் ஒரு கடையும் எங்களை நம்பாது.

நான் சண்டைக்கு வரவில்லை. நல்லபடியாக முடித்துத் தாருங்கள் என்றுதான் இவ்வளவு நாளும் கேட்டேன், இப்போதும் அதையே கேட்கிறேன். முதலில், இன்றைக்கே அந்தக் கனடாவுக்குப் போகும் மெயிலை நிப்பாட்டுங்கள். அந்தக் கணக்கு எந்தப் போனிலும் கணினியிலும் திறந்தபடி கிடந்தால் அதையும் வெளியேற்றுங்கள், அந்த முகவரிக்கு வருவது என் பெட்டிக்கு வரட்டும். எங்கள் முகவரி மேல் இருக்கும் தடையை எடுங்கள். மெஷினின் பழைய அமைப்பை நாங்கள் கழற்றிவிட்டோம், ஸ்கேனுக்கென்று தனிக் கணக்கு ஒன்று போட்டுத் தாருங்கள், இனி யார் வந்தாலும் போனாலும் அது மாறாமல் இருக்கும். அட்மின் உரிமையை எனக்கும் தலைவருக்கும், இரண்டு பேருக்கும் தாருங்கள், ஒருவர் போனாலும் மற்றவர் இருப்பார். கடிதமும் தீர்மானமும் உங்கள் கவுண்டரிலேயே கிடக்கின்றன, முத்திரை தமிழில் இருப்பதால் அவை செல்லாது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். மாசியில் இருந்து இன்று வரைக்குமான லொக்கின் பிரதி வேண்டும். அழித்த பெட்டியை மீட்டுத் தாருங்கள். இரண்டு மாதச் சந்தாவையும் கொழும்புக்கு வந்து போன செலவையும் திருப்பித் தாருங்கள்.

பதினான்கு நாள் பார்ப்பேன். அதற்குள் பெயரும் நேரடி நம்பரும் உள்ள ஒரு ஆள் என்னோடு கதைக்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போவேன். அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பதோடு விட மாட்டேன், அத்தனை டிக்கெட் இலக்கத்தையும் பஸ் டிக்கெட்டையும் இணைத்து எழுத்தில் கொடுப்பேன். சங்கத்தின் சட்டத்தரணியோடும் கதைத்துவிட்டேன். அந்த நிலைமைக்கு விட மாட்டீர்கள் என்று இன்னும் நம்புகிறேன், உங்களிடம் நல்ல பிள்ளைகளும் இருக்கிறார்கள், இரண்டாவது கிழமை கதைத்த ஒரு தங்கச்சி மிகவும் பொறுமையாகக் கேட்டார், ஆனால் அவருக்கு அடுத்த இடத்துக்கு அனுப்பத்தான் அதிகாரம் இருந்தது.

இதை என் சொந்த ஜிமெயிலில் இருந்து அனுப்புகிறேன். பதிலை இந்த முகவரிக்கே போடுங்கள். முந்திய எட்டுத் தடவையும் செய்தது போல சங்க முகவரிக்கு அனுப்பிவிட்டு "வாடிக்கையாளர் பதிலளிக்கவில்லை" என்று டிக்கெட்டை மூடாதீர்கள். அங்கே அனுப்பினால் நாங்கள் பார்க்க முடியாது.

இப்படிக்கு,
சங்கச் செயலாளர்,
புதுக்குடியிருப்பு.