தாக்க மதிப்பீடு யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் நடந்த பணிகளால் இத்தனை ஆயிரம் குடும்பங்கள் பயனடைந்தன, இத்தனை சதவீதம் பேர் மனநிறைவு தெரிவித்தனர் என்று நாளிதழ்களில் செய்திகள் வருவதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். அந்த எண்களில் பல, ஆய்வு மற்றும் மதிப்பீட்டு ஆலோசனை நிறுவனங்கள் தயாரித்துக் கொடுக்கும் அறிக்கைகளிலிருந்து எடுக்கப்படுபவை. அப்படிப்பட்ட சிறிய நிறுவனம் ஒன்றில் களப்பணியை மேற்பார்வை செய்து வருபவன் நான். இத்தொழிலில் எது நேர்மை, அந்த நேர்மை யாருக்குச் செலுத்த வேண்டிய கடன் என்பது பற்றி வெளியில் போதிய பேச்சு இல்லை. எங்கள் அறிக்கைகளைப் பார்த்துத்தான் ஒரு திட்டம் அடுத்த மாவட்டத்துக்கு விரிகிறது அல்லது நிறுத்தப்படுகிறது என்பதால், தொழிலுக்குள் இருப்பவர்கள் மட்டும் பேசி முடித்துக்கொள்ளக் கூடிய விஷயமாக இதை நான் கருதவில்லை.

கம்பெனிகள் சட்டம், 2013-இன் 135-ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்து மதிப்போ விற்றுமுதலோ லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். இப்படிச் செலவிட வேண்டிய தொகை சராசரியாக 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள், 1 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் செலவிட்டு முடித்து ஓராண்டாவது கடந்த திட்டங்களை, சுதந்திரமான ஓர் அமைப்பைக் கொண்டு தாக்க மதிப்பீடு (அதாவது, அந்தப் பணியால் மக்கள் வாழ்வில் உண்மையில் என்ன மாறியது என்ற ஆய்வு) செய்ய வேண்டும் என்று 2021 ஜனவரியில் விதிகள் திருத்தப்பட்டன. நோக்கம் நல்லது, அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் எந்த அமைப்பு சுதந்திரமானது என்பதற்கான தகுதியை வரையறுக்கும் பொறுப்பை, அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்ட விளக்கச் சுற்றறிக்கையில், கம்பெனி விவகார அமைச்சகம் அந்தந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவிடமே விட்டுவிட்டது. ஆக, மதிப்பிடப்பட வேண்டியவரே மதிப்பிடுபவரைத் தேர்ந்தெடுக்கிறார், கட்டணத்தை முடிவு செய்கிறார், எதைக் கேட்க வேண்டும் என்ற பணி வரையறையை எழுதுகிறார், வரைவு அறிக்கையைப் படித்துத் திருத்தம் சொல்கிறார், கடைசித் தவணைப் பணத்தை எப்போது விடுவிப்பது என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். தேர்வு எழுதிய மாணவரே விடைத்தாள் திருத்துபவரை நியமித்துச் சம்பளமும் கொடுப்பதைப் போன்ற ஏற்பாடு இது.

உலக வங்கி போன்ற பெரிய அமைப்பே இந்தச் சிக்கலுக்குத் தப்பவில்லை. தொழில் நடத்த உகந்த சூழல் எந்த நாட்டில் எப்படி இருக்கிறது என்று ஆண்டுதோறும் தரவரிசைப்படுத்தி வந்த அதன் அறிக்கையின் 2018, 2020 பதிப்புகளில் தரவுகள் முறைகேடாக மாற்றப்பட்டது தெரியவந்து, 2021 செப்டம்பரில் அந்த வெளியீட்டையே வங்கி நிறுத்திக்கொண்டது. வெளியிலிருந்து வந்து விசாரித்த சட்ட நிறுவனம், சீனாவுக்கும் சவூதி அரேபியாவுக்கும் சாதகமாக எண்கள் மாற்றப்பட்ட விதத்தை விவரித்ததோடு, தரவரிசையில் இடம்பெறும் அரசுகளுக்கே கட்டணம் பெற்றுக்கொண்டு ஆலோசனையும் வழங்கியதில் இருந்த நலன் முரணையும் சுட்டிக்காட்டியது. தேர்ந்த பொருளியல் அறிஞர்கள் நிறைந்த இடத்திலேயே அந்த நிலை என்றால், அடுத்த மாதச் சம்பளத்துக்கு வாடிக்கையாளரின் காசோலையை எதிர்பார்த்திருக்கும் பத்துப் பேர் கொண்ட நிறுவனத்தின் மீது எவ்வளவு அழுத்தம் இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அந்த அழுத்தம், பொய் சொல்லுங்கள் என்ற வடிவில் வருவது அரிது. நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஊரைக் குறிப்பிட்டால் பதில் சொன்னவர்கள் யார் என்பது தெரிந்துவிடும் என்பதால் பெயர்களைத் தவிர்க்கிறேன். ஒரு கிராமத்தில் சமூகப் பொறுப்பு நிதியில் ஆர்.ஓ. குடிநீர் நிலையம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். சுவரில் வண்ணம் மங்கவில்லை, நன்கொடையாளரின் பெயர்ப் பலகையும் பளிச்சென்று இருந்தது. ஆனால் வடிகட்டும் சவ்வு மாற்றப்படாமல், மின் கட்டணத்தை ஊராட்சி கட்டுவதா, பராமரிப்புப் பொறுப்பை ஏற்ற அமைப்பு கட்டுவதா என்பது முடிவாகாமல், நிலையம் பூட்டிக் கிடந்தது. எதிரே இருந்த பெட்டிக்கடையில் பெண்கள் கேன் தண்ணீரை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நிலையம் நிறுவப்பட்டதா, அதைப் பற்றி மக்களுக்குத் தெரியுமா, அது ஊருக்குத் தேவையானது என்று கருதுகிறார்களா என்பவைதான் எங்களுக்குத் தரப்பட்ட கேள்விகள். மூன்றுக்கும் ஆம் என்றே பதில் வரும். அவை உண்மையான பதில்களும்கூட. இந்த நிலையத்திலிருந்து கடைசியாக எந்த மாதம் தண்ணீர் பிடித்தீர்கள் என்ற ஒரு கேள்வியைச் சேர்த்த பிறகுதான் ஊரின் நிலை அறிக்கைக்குள் வந்தது. வரைவைப் படித்த தரப்பு எந்த எண்ணையும் மாற்றச் சொல்லவில்லை. அந்த அட்டவணையைப் பின்னிணைப்புக்குக் கொண்டுபோய்விட்டு, திட்டத்தை அறிந்தவர்களின் சதவீதத்தை முதற்பக்கச் சுருக்கத்தில் வைக்கும்படி மட்டுமே கேட்டது. எங்கள் நிறுவனப் பொறுப்பாளர் அதற்கு இணங்கவில்லை. அடுத்த கட்டப் பணி எங்களுக்குத் தரப்படவும் இல்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், 2022 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு, தாக்க மதிப்பீட்டின் சுருக்கத்தையும் முழு அறிக்கைக்கான இணைய முகவரியையும் ஆண்டறிக்கையில் தந்தால் போதும். பங்குதாரரும் பத்திரிகையாளரும் அதிகாரியும் படிக்கப்போவது அந்தச் சுருக்கத்தைத்தான். பின்னிணைப்பில் ஒளிந்துள்ள உண்மையைத் தேடிப்போகிறவர் மிகச் சிலர். சுருக்கத்தில் எது இடம்பெற வேண்டும் என்ற இறுதி முடிவு மதிப்பீட்டாளருடையதே என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதைத்தான், இத்தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் முதல் நெறியாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த வரிக்குச் சம்மதிக்காத வாடிக்கையாளரின் பணியை ஏற்காமல் இருப்பது கடினம்தான். ஆனால் பணியை ஏற்ற பிறகு வரைவின் கட்டத்தில் போராடுவது அதைவிடப் பல மடங்கு கடினம்.

பணம் கொடுப்பவரோடு உள்ள உறவு ஒரு பக்கம் என்றால், பதில் சொல்பவரோடு உள்ள உறவு மறுபக்கம். அதைப் பற்றித்தான் எவரும் பேசுவதில்லை. 2009-இல் அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், 'பாத்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் மாநில அரசுகளோடும் சேர்ந்து, சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் செயல்விளக்கத் திட்டம் ஒன்றை நடத்தியது. சிறுமியர் சிலர் இறந்ததையடுத்து 2010 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணம் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை. தடுப்பூசியைக் குறை சொல்வதும் என் நோக்கமல்ல. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு அளித்த அறிக்கை வெளிப்படுத்திய இன்னொன்றையே நினைவூட்ட விரும்புகிறேன்: ஆந்திரத்தின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள்; 1,948 படிவங்களில் பெருவிரல் ரேகை இருந்தது. கோப்பைத் திறந்து பார்ப்பவருக்கு ஒப்புதல் முறையாகப் பெறப்பட்டதாகவே தோன்றும். பழங்குடிக் குடும்பங்களின் பெற்றோரிடம் எவராவது உட்கார்ந்து பேசினார்களா என்பதைப் படிவம் சொல்லாது.

உயிரோடு தொடர்பில்லாத ஆய்வுகளில் இதே குறை அன்றாடம் நடக்கிறது. மகளிர் குழுவினரைத் திட்டத்தை நடத்திய தொண்டு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளரே அழைத்து வந்து, ஊராட்சி அலுவலகத் திண்ணையில் உட்கார வைப்பார். பேட்டி தொடங்கிய பிறகும் அவர் அங்கேயே நிற்பார். அடுத்த கடனுக்கு யார் பெயரை எழுதுவது என்பதை முடிவு செய்பவர் காது கேட்கும் தூரத்தில் இருக்கும்போது, "எல்லாம் நல்லாத்தான் செஞ்சிருக்காங்க, அப்படியே எழுதிக்கங்க சார்" என்பதைத் தவிர அந்த அம்மா வேறு என்ன சொல்ல முடியும்? மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் உடல்நலம் சார்ந்த ஆய்வுகளுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை வலியுறுத்துகின்றன. வாழ்வாதாரம், கல்வி, குடிநீர் போன்றவற்றின் மதிப்பீட்டுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஒருங்கிணைப்பாளரைத் தேநீர் குடித்து வரும்படி பணிவோடு அனுப்பி வைப்பதும், பதில் சொல்ல மறுத்தாலும் எந்த உதவியும் நின்றுபோகாது என்று முதலிலேயே சொல்வதும், பதில் சொன்னால் ஏதாவது கிடைக்கும் என்ற எண்ணத்தை வளர்க்காமல் இருப்பதும் களப்பணியாளரின் மனச்சாட்சியைப் பொறுத்ததாகவே இருக்கின்றன.

அந்த மனச்சாட்சிக்கு நாங்கள் என்ன விலை கொடுக்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பல நிறுவனங்களில் களப்பணியாளருக்குப் படிவம் ஒன்றுக்கு இவ்வளவு என்றே கூலி. முக்கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டு நிரப்ப வேண்டிய வினாப்பட்டியலைப் பத்து நிமிடத்தில் முடித்தால்தான் அன்றைய பேருந்துச் செலவு போக ஏதாவது மிஞ்சும் என்ற நிலையில் ஓர் இளைஞரை நிறுத்திவிட்டு, பிறகு டேப்லெட்டில் பதிவாகும் நேரத்தைக் காட்டி அவரை மோசடிக்காரர் என்பது நியாயமல்ல. நாள் கூலியும் பயணப்படியும் தந்துவிட்டு வேலையின் தரத்தைக் கேட்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக என்னை அச்சுறுத்துவது பெயர்ப் பட்டியல். அறிக்கையோடு மூலத் தரவையும் ஒப்படைக்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கிறது; அந்தத் தரவில் பெயர், கைபேசி எண், வீட்டின் இருப்பிடம் எல்லாம் இருக்கும். கடன் வாங்கித் தந்ததற்குக் கமிஷன் பிடித்துக்கொண்டார்கள் என்று எங்களை நம்பிச் சொன்ன பெண்ணின் பெயரும் பதிலும் உள்ள தரவு வரிசை, அந்தக் கமிஷனைப் பிடித்தவர் பணியாற்றும் அலுவலகத்துக்கே போய்ச் சேருகிறது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுப் பணிகளுக்கு விலக்கு அளித்தாலும், ஒரு தனிநபரைப் பற்றி முடிவெடுக்க அத்தரவைப் பயன்படுத்தக் கூடாது என்பதை நிபந்தனையாக வைத்திருக்கிறது. குறை சொன்னவர்களின் பெயரை அடுத்த பயனாளிகள் பட்டியலிலிருந்து நீக்குவது அந்த நிபந்தனையை மீறுவதுதான். அடையாளங்களை நீக்கிய தரவை மட்டுமே தருவோம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே சொல்லிவிடுவது இத்தொழிலின் குறைந்தபட்சக் கடமை.

கசப்பான மதிப்பீட்டால் கெடுதல்தான் வரும் என்று அஞ்சுபவர்களுக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1952 அக்டோபர் 2 அன்று பெரும் நம்பிக்கையோடு தொடங்கப்பட்ட சமுதாய வளர்ச்சித் திட்டத்தை, 1957-இல் அரசே அமைத்த பல்வந்த்ராய் மேத்தா குழு ஆராய்ந்தது. மக்களின் சொந்த முனைப்பைத் தூண்ட அத்திட்டம் தவறிவிட்டது என்று அக்குழு ஒளிவுமறைவின்றி எழுதியது. தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்றடுக்கு உள்ளாட்சி அமைப்புகளைப் பரிந்துரைத்தது. நம் மாநிலத்தில் 1958-இல் வந்த சென்னை ஊராட்சிகள் சட்டமும் அதன்வழி உருவான ஊராட்சி ஒன்றியங்களும் அந்தக் காலகட்டத்தின் விளைவுகளே. தன் திட்டத்தின் தோல்வியைத் தானே கேட்டுப் பெற்று, அதிலிருந்து ஒரு புதிய அமைப்பைக் கட்டிய அரசுக்கு அதனால் இழுக்கு எதுவும் வந்துவிடவில்லை.

அந்த உள்ளாட்சி அமைப்பின் வழியாகவே இன்றைய குறைக்கும் ஒரு தீர்வு உண்டு. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடத்த வழி செய்யப்பட்டுள்ளது. ஒரு கிராமத்தில் தாக்க மதிப்பீடு நடந்தால், அதன் முடிவுகளின் தமிழ்ச் சுருக்கம் அடுத்த கிராம சபையில் படிக்கப்பட வேண்டும்; பதில் சொன்னவர்களின் அடையாளம் வெளிப்படாத வகையில் அது எழுதப்பட வேண்டும். மூடிக் கிடக்கும் குடிநீர் நிலையத்தை இயங்குவதாக எழுதிய அறிக்கை அந்தச் சபையில் ஐந்து நிமிடம்கூட நிற்காது. வேலை உறுதித் திட்டத்தில் கிராம சபையே சமூகத் தணிக்கை செய்ய 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. தனியார் நிதியில் நடக்கும் பணிகளுக்கும் அதே கண்ணியம் வேண்டும். செலவு ஒரு தடையல்ல. ஆண்டு மொத்தச் சமூகப் பொறுப்புச் செலவில் 2 சதவீதம் அல்லது 50 லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதுவரை தாக்க மதிப்பீட்டுக்காகக் கணக்கில் காட்டலாம் என்று விதியே அனுமதிக்கிறது. இரண்டு பக்கத் தாளை அச்சிட்டு ஊரில் படிப்பதற்கு அதில் மிகச் சிறு பகுதியே ஆகும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய சதவீதங்களைச் செய்தியாக வெளியிடும்போது, மதிப்பீடு செய்த அமைப்பின் பெயரையும், அதற்குக் கட்டணம் கொடுத்தது யார் என்பதையும், முழு அறிக்கை பொதுவெளியில் கிடைக்கிறதா என்பதையும் அதே செய்தியில் ஒரு வரியாகச் சேர்க்கும்படி தங்கள் செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
களஆய்வுப் பணியில் உள்ள ஒரு வாசகர்,
திண்டுக்கல்.