ஃபில்டர் போட்டால் பழமை வந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'ஷீ அண்ட் ஹிம்' இரட்டையரின் முதல் ஆல்பமான 'வால்யூம் ஒன்' பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரைக்கு ஒரு திருத்தமும் ஒரு மறுப்பும்.

திருத்தம் சின்னது. ஆல்பத்தில் இரண்டு பீட்டில்ஸ் பாடல்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்றுதான்: 'ஐ ஷுட் ஹேவ் நோன் பெட்டர்'. 'யூ ரியலி காட் எ ஹோல்ட் ஆன் மீ' ஸ்மோக்கி ராபின்சன் எழுதி, மிராக்கிள்ஸ் குழு 1962இல் வெளியிட்டது. பீட்டில்ஸ் அடுத்த வருடம் அதை எடுத்துப் பாடினார்கள். அவர்கள் வழியாகவே அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் அதிகம் என்பதால் இந்தக் குழப்பம் எப்போதும் வரும்.

மறுப்பு கொஞ்சம் நீளம். பழைய ரேடியோ ஃபில்டரும் இசைத்தட்டுக் கீறல் சத்தமும் சேர்த்தால் எந்த வீட்டு ஸ்டூடியோவிலும் இதே ஓசை கிடைக்கும் என்கிறது கட்டுரை. கிடைக்காது. 2008 மார்ச்சில் மெர்ஜ் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட அந்த ஆல்பத்தில் கீறல் சத்தத்தை நம்பி நிற்கும் பாட்டு ஒன்றுகூட இல்லை. இரட்டையரில் ஒருவரான நடிகை ஸோயி டெஷனெல் எழுதியவை பெரும்பாலான பாட்டுகள், மற்றவரான எம். வார்டின் தயாரிப்பும் கிட்டாரும். பழமை குடியிருக்கும் இடம் கோரஸ், அதாவது முதன்மைக் குரலுக்குப் பின்னால் ஒலிக்கும் துணைக்குரல்கள். பின்னால் மூன்று நான்கு பெண்கள் நிற்பது போலக் கேட்கிறதே, அத்தனையும் டெஷனெலின் குரல்தான். ரானெட்ஸ் போன்ற அறுபதுகளின் பெண்குழுக்களில் மூன்று பேர் பாடியதை, இங்கே ஒரே தொண்டை அடுக்கடுக்காகப் பாடியிருக்கிறது.

வீட்டில் முயல்பவர்களும் இங்கிருந்தே தொடங்க வேண்டும். ஒவ்வொரு சுருதிக்கும் குறைந்தது இரண்டு முறை, தனித்தனியாகப் பாடிப் பதிய வேண்டும். ஒரே ட்ராக்கை, அதாவது ஒருமுறை பாடிப் பதிந்ததை, காப்பி செய்து ஒட்டினால் 6 டெசிபல் சத்தம் கூடும், அவ்வளவே, ஆள் கூடமாட்டார். காப்பியைச் சில மில்லிசெகண்ட் தள்ளி வைத்தாலோ குழாய்க்குள் நின்று பாடுவது போலாகிவிடும், இரண்டு அலைகளும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால். முதன்மைக் குரலுக்கு மைக்கிலிருந்து ஒரு சாண், கோரஸுக்கு இரண்டு மூன்று அடி. எல்லாவற்றையும் வாயருகே பதிந்தால் யாரும் பின்னால் நிற்கமாட்டார்கள்.

அடுத்த தொல்லை மெய்யெழுத்துகள். ஆறு ட்ராக்கிலும் 'ஸ்' சத்தம் முன்பின்னாக விழுந்தால் பாம்புப் புற்றுதான். சொல்லின் கடைசி 'ஸ்', 'ட்' சத்தங்களை ஒரு ட்ராக்கில் மட்டும் தெளிவாகப் பாடிவிட்டு மற்றவற்றில் விழுங்கிவிடுவது நல்லது. பின்னால் கத்திரி போட்டுச் சரிசெய்வது பெரிய வேலை.

எக்கோவுக்குக் குளியலறையே போதும். ஒரு மூலையில் ஸ்பீக்கர் வைத்து, கோரஸை மட்டும் ஒலிக்கவிட்டு, எதிர்மூலையில் மைக்கைச் சுவர்பக்கம் திருப்பிவைத்துப் பதிவு செய்யலாம். வந்ததில் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிட வேண்டும். கீழே விட்டுவைத்தால் பேஸ் கிட்டாரோடு சேர்ந்து சேறாகிவிடும். ஃபில்டருக்கு இந்த இடத்தில்தான் வேலை. மொத்தப் பாட்டின் தலையிலும் கவிழ்ப்பதற்கு அல்ல.

தாளம் பற்றிக் கட்டுரை பேசவே இல்லை. 1963இல் டிரம்ஸ் கலைஞர் ஹால் பிளேன் ரானெட்ஸுக்கு வாசித்த தாளம் இந்த வகை இசைக்கே அரிச்சுவடி: நான்கு எண்ணிக்கையில், ஒன்றில் பெரிய டிரம்மில் ஒரு குத்து, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒன்று, மூன்றில் ஒன்று, நான்கில் ஸ்னேர் என்னும் சடசடக்கும் சின்ன டிரம். ஸ்னேர் மேல் மெல்லிய துண்டைப் போட்டு வாசித்தால் நீட்டி அலறாது. சிம்பல் என்னும் உலோகத் தட்டைக் கூடியமட்டும் தவிர்த்து, கையில் குலுக்கும் சலங்கை வளையமான டாம்பரினை வைத்துக்கொள்ளலாம். கோரஸ் மின்ன வேண்டிய இடத்தை சிம்பல் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவும் செய்தபின் நகலெடுக்கும் ஆசை வரும். அதற்கு மாற்று அந்த ஒரே பீட்டில்ஸ் பாட்டில் இருக்கிறது. மூலத்தில் முந்திக்கொண்டு ஓடும் ஹார்மோனிகாவை எடுத்துவிட்டு, வேகத்தையும் குறைத்து, வழுக்கிச் செல்லும் ஸ்டீல் கிட்டாரை வைத்தார் வார்ட். லிவர்பூல் பாட்டு ஹவாய்த் தீவில் ஊஞ்சலாடுகிறது. ஆல்பத்திலேயே துணிச்சலான காரியம் இதுதான் என்பேன். கட்டுரை 'சுமாரான மறுபதிப்பு' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டது.

மிக்ஸிங் முடிந்ததும் ஒருமுறை மோனோவில், அதாவது இடம் வலம் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, கேட்பது அவசியம். இடம் வலமென்று கோரஸைப் பிரித்து வைத்ததில் ஏதாவது காப்பி ஒளிந்திருந்தால் அங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று. நீங்கள் தந்த பட்டியலில் 12 பாட்டுகள். உறையில் அச்சிடாத 13ஆவதாக 'ஸ்விங் லோ, ஸ்வீட் சாரியட்' கடைசியில் இருக்கிறது. அடுத்த இதழில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவு ஆர்வமுள்ள ஒரு வாசகர்,
கோவை