வைக்கோல் கொடுத்த அய்யாவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

கடைசி வண்டி தேவிபட்டினம் வந்து சேரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. நான் இன்னும் தூங்கவில்லை, உடம்பெல்லாம் வைக்கோல் அரிப்பு வேறு. தூங்கி எழுந்தால் இந்த மனநிலை மாறிவிடும் என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன். ஸ்கேட்போர்டுப் பலகையில் மலைச்சாலை இறங்கும் நம் பந்தயம் நடந்து முடிந்தது. போன பிள்ளைகள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். ஒருவனுக்கு மணிக்கட்டில் கட்டு, இரண்டு பேருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அம்மாமார்களே, தயவுசெய்து எனக்கு போன் போடுவதை நிறுத்துங்கள்.

பணம் தருவதாகச் சொன்ன இடம் கடைசி நேரத்தில் கையை விரித்ததும், அதற்குப் பிறகு நடந்த கூத்தும் இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பக் கிளற எனக்குத் தெம்பில்லை.

நான் பலகையில் ஏறியவள் இல்லை. ஓட்டுவது என் தம்பி, கணக்கு நோட்டு என்னிடம். மலையே இல்லாத மாவட்டத்தில் இருந்துகொண்டு எதற்கு மலைச்சாலைப் பந்தயம் என்று எங்கள் சொந்தக்காரர்களே கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். இராமேசுவரம் தீவில் மலை என்றால் கந்தமாதன பர்வதம், அதுவும் மணல்மேடு. பிள்ளைகள் பலகை பழகியது முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்குப் போகும் தார்ச்சாலையில். 2017ல் அந்தச் சாலை திறந்த பிறகுதான் இவர்களுக்குச் சக்கரப் பைத்தியம் பிடித்தது. அங்கே இறக்கம் கிடையாது, காற்றுதான் தள்ளும், சுற்றுலா வண்டிகள் வர ஆரம்பிக்கும் முன் ஓட்டிவிட்டு வந்துவிட வேண்டும். இறக்கம் வேண்டுமென்றால் கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துச் சொந்தச் சாலை வரை போக வேண்டியிருக்கிறது.

இதற்குப் பணம் புரட்டுவது ஏன் இவ்வளவு பாடு என்று புதிதாக வந்தவர்கள் கேட்டதால் கொஞ்சம் சொல்கிறேன். கிரிக்கெட் போட்டி என்றால் ஒரு பொட்டல் போதும், முதல் பரிசு ஒருவர், இரண்டாம் பரிசு ஒருவர் என்று ஊரில் ஏற்றுக்கொள்ள ஆள் இருக்கும். இங்கே ஒரு சாலை முழுவதும் நமக்கே வேண்டும். மணிக்கு 60, 70 கிலோமீட்டரில் நான்கு பேர் ஒன்றாக இறங்கி வருவார்கள், அதில் முதல் இருவர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள், பிரேக் என்று பார்த்தால் சாலையில் தேய்க்கிற காலணியின் அடிப்பாகமும் கையுறையும்தான். (கையுறையில் ஒட்டும் வில்லையைச் சமையலறைக் காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையில் வெட்டிக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டுப் பலகை போன இடம் இப்போது அம்மாவுக்கும் தெரிந்திருக்கும்.) 2017ல் கனடாவில் ஒருவர் 146.73 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு உலக சாதனை படைத்தார் என்று தம்பி பெருமையாகச் சொல்வான், எனக்கு வயிற்றைக் கலக்கும். எதிரில் ஒரு பைக் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அரசுச் சாலையை அடைப்பதற்குக் காவல்துறை, நெடுஞ்சாலைத்துறை, வனத்துறை என்று அலைய வேண்டும், அதற்குள் பிள்ளைகளுக்குக் கல்யாண வயது வந்துவிடும். அமெரிக்காவின் மேரிஹில் பந்தயச் சாலைகூட ஒரு அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானதுதான்.

சாலை கிடைத்தால் போதுமா? இறங்கியவனை மறுபடி மேலே ஏற்ற வண்டி, காலை முதல் சாயங்காலம் வரை நிற்கிற ஆம்புலன்ஸ், ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு ஒரு ஆள். காப்பீடு கேட்டால் இதை எந்த விளையாட்டில் சேர்ப்பது என்று அவர்கள் நம்மையே கேட்கிறார்கள். விளம்பரம் தரக்கூடியவர்களைப் பார்க்கப் போனால் ஒலிம்பிக்கில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஸ்கேட்போர்டு டோக்கியோவிலேயே வந்துவிட்டது, ஆனால் அது படிக்கட்டிலும் பள்ளத்திலும் தாவும் வகை, மலை இறங்குகிற வகை அதில் இல்லை. இதைச் சொன்னதும் காப்பி வருவது நின்றுவிடும். டிக்கெட் போட்டு வசூலிக்கவும் முடியாது, பார்க்க வருகிறவர்கள் மூன்று கிலோமீட்டருக்குச் சிதறி நிற்பார்கள். நுழைவுக் கட்டணத்தை ஏற்றினால் பாம்பன் பிள்ளைகள் வரமாட்டார்கள். அவர்கள் இல்லாமல் எனக்கு இந்தப் பந்தயமே வேண்டாம்.

சரி, அய்யாவின் கதைக்கு வருகிறேன். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

வளைவுகளில் அடுக்க வைக்கோல் கட்டு வேண்டும். தவறி வருகிறவன் மரத்திலோ பாறையிலோ மோதாமல் அதில் போய் விழுவான். இல்லாமல் பந்தயம் நடத்தவே கூடாது. தை, மாசி அறுப்பு சமயத்தில் வைக்கோல் மலிவு, எங்கள் மாவட்டத்து நெல் எல்லாம் அப்போதுதான் வீட்டுக்கு வரும். நாங்கள் தேடியதோ வைகாசியில். அப்போது படப்பில், அதாவது வைக்கோல் போரில், இருப்பதுதான் அடுத்த அறுப்பு வரை மாட்டுக்குத் தீனி. கையில் காசும் இல்லை. மீன் வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவர் உப்பூர் டீக்கடையில் இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார். பக்கத்து பெஞ்சில் இருந்த அய்யா எழுந்து, எத்தனை கட்டு வேணும் என்று கேட்டாராம்.

நான் நேரில் போய்ப் பார்த்தேன். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்ச நிலம், நான்கு மாடு, ஒரு படப்பு. அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “ஏத்தா, அங்க மழை பெய்யுமா?” நனைந்தால் பூசணம் பிடிக்கும், மாடு வாய் வைக்காது. பெய்யலாம் அய்யா என்றேன். கொஞ்ச நேரம் படப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “காசு வேணாம். கட்டு எனக்குத் திரும்பி வரணும். நானும் கூட வர்றேன்” என்றார். இரவல் கொடுத்த வைக்கோலுக்குக் காவலாக லாரியில் ஏறி மலைக்கே வந்துவிட்டார்!

அடுக்குவது எப்படி என்று எங்களுக்கு ஒரு யோசனை இருந்தது, அவர் பார்த்த உடனே சிரித்தார். பாறையை ஒட்டி வைத்தால் கட்டும் பாறை மாதிரிதான், அது பின்னால் நகர இடம் விடுங்கள் என்றார். செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி அடுக்கச் சொன்னார். மேலே பழைய வலையைப் போட்டுக் கட்டலாம் என்று ஒரு பையன் சொல்ல, விரல் மாட்டும் என்று தம்பி மறுக்க, தார்ப்பாய் போட்டோம். முதல் நாள் சாயங்காலம் தூறல் விழுந்தது. பிள்ளைகள் கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டுக் கட்டுகளை மூட ஓடினார்கள், நான் யாரையும் போகச் சொல்லவில்லை. ராத்திரி தார்ப்பாய்க்குக் காவல் இருந்ததும் அவர்கள்தான்.

மறுநாள் மூன்றாவது வளைவில் உச்சிப்புளிப் பையன் வந்த வேகத்துக்கு இரண்டு கட்டு வெடித்துச் சிதறியது. ஹெல்மெட் முழுக்க வைக்கோலோடு எழுந்து நின்றான். “அடி பட்டுச்சா அப்பு?” என்று கேட்டு, இல்லை என்றதும் அய்யா கீழே கிடந்த வைக்கோலை வாரிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கயிறு எங்கே என்று நாங்கள் தேடிக்கொண்டிருக்க, அவர் வைக்கோலிலேயே பிரி திரிக்க ஆரம்பித்தார். ஒரு கையால் திரித்து மறுகையால் வைக்கோல் கொடுத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு முழம் நீண்டது. அடுத்த சுற்று இறங்குவதற்குள் இரண்டு கட்டும் பழையபடி நின்றன. அதற்குப் பிறகு எது உடைந்தாலும் அவர் அதட்டாமலே இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பிரி திரித்தார்கள். ஜெயித்த பையன் கோப்பையைவிடத் தான் திரித்த பிரியைத்தான் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான், கோணலாக இருந்தாலும்.

கட்டுகளை எல்லாம் படப்படியில் இறக்கிவிட்டுத்தான் வந்தேன். எண்ணிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் குறைகிறது என்றார், மலைக்காற்று தின்றுவிட்டது என்று அவரே சொல்லிக்கொண்டார். குறைந்ததற்குக் காசு நீட்டினேன், வாங்கவில்லை. மாட்டுக்குப் புண்ணாக்கு மூட்டை வாங்கிப் போட்டிருக்கிறேன், அதை மறுக்க முடியாது, மாடு ஏற்கெனவே தின்ன ஆரம்பித்துவிட்டது.

மற்ற எல்லோருக்கும் ஒன்றாகச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்க, வண்டிக்கு வேலை இல்லாமல் வீட்டில் இருந்த பாம்பன், மண்டபம் மீன் வண்டி அண்ணன்கள் டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு நாள் முழுவதும் பிள்ளைகளை மேலே ஏற்றிக் கொடுத்தீர்கள். நாற்றத்தைப் பற்றி வெளியூர்ப் போட்டியாளர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. தோட்டத்துக்காரர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், விடுப்பு எடுத்து வந்த செவிலியர் அக்கா, மனு எழுதிக் கொடுத்த தமிழாசிரியர், புளிச்சோறு கட்டிக் கொடுத்த மகளிர் குழு அக்காமார்கள், நூறும் இருநூறும் அனுப்பி நோட்டை நிரப்பியவர்கள், எல்லோருக்கும் நன்றி.

அடுத்த வருடம் நடக்குமா என்று கேட்கிறார்கள். நடந்தால், மாசியிலேயே வைக்கோலைக் காசு கொடுத்து வாங்கி வைத்துவிடுவேன், அதற்குப் பிறகு மிஞ்சுவதில்தான் பரிசு. பெரிய பேனர், டி-சர்ட் எதற்கும் நோட்டில் இடமில்லை. தம்பிக்கு இதில் வருத்தம், இருக்கட்டும்.

கணக்கு முழுவதையும் இந்த வாரத்துக்குள் எழுதிப் போடுகிறேன். ஆம்புலன்ஸ் பாக்கி கொஞ்சம் இருக்கிறது, முடிந்தவர்கள் உதவுங்கள். அப்புறம், தார்ப்பாய்கள் மாறிப்போயிருக்கின்றன. மூலையில் நீலப் பெயிண்டில் படகு எண் எழுதிய பெரிய தார்ப்பாய் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது, உரியவர் தடைக்காலம் முடிவதற்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.